அப்பா கழுவாத கோழிக்கூடு

"சார், காத்தாடியை நிறுத்துங்க சார்! முதல்ல அந்தக் காத்தாடியை நிறுத்துங்க!"

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு டெய்லரின் தலை. தலைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல அதை இரண்டு விரலில் பிடித்திருந்தார்.

அப்பா நிறுத்தவில்லை. பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, கோழிக்கூட்டுக்குள் பச்சை நுரையில் நின்றார். அவருக்குப் பின்னால் ஸ்டூலில் எங்கள் வீட்டு மேசைக் காத்தாடி. கூட்டிலிருந்த நாற்றத்தை அது பிடி பிடியாக அள்ளி, மதிலைத் தாண்டி, டெய்லர் வீட்டு ஜன்னலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கோழிகள் எல்லாம் கம்பி வேலியின் அந்தக் கோடிக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. கோழிக்கே தாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்ன சார் பண்றீங்க?"

"பாத்தா தெரியல? நாத்தத்தை வெளியேத்தறேன்."

"வெளியேன்னா? என் வீடு உங்களுக்கு வெளியா?"

"மதிலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெளிதானே?"

"இது மாப்பிள்ளை கோட்டு சார். போட்டுப் பாக்க வந்தான். போட்டான். கையைத் தூக்கினான். மோந்தான். 'அண்ணே, இது எந்தக் கோழிக்குத் தைச்சது?'ன்னு கேக்கறான். நான் என்ன பதில் சொல்ல?"

"அளவு சரியா இருந்துச்சா?" என்றார் அப்பா.

டெய்லரின் முகம் சிவந்தது. "வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்றேன் சார். வாடகை வாங்கற வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டாச்சு. இனிமே அவங்க பாடு, உங்க கோழி பாடு."

தலை இறங்கியது. கோட்டு இறங்கியது. நாற்றம் மட்டும் மேலேயே நின்றது.

காத்தாடிக்குக் காரணம் நான்தான் என்று அப்பா அன்றைக்குப் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னது வேறு. மொட்டை மாடியில் தண்ணி மோட்டார் ஓடுகிற சத்தத்தில், "அப்பா, கூட்டைக் காத்தாட விடுங்க!" என்று கத்தினேன். அதாவது கதவைத் திறந்து போடுங்கள், காற்று போய்வரட்டும், தரை காயட்டும். அவர் காதில் விழுந்தது "காத்தாடி விடுங்க". எழுதிப் பார்த்தால் ட-வின் தலையில் ஒரு சின்ன வளைவுதான் வித்தியாசம். அந்த வளைவில் ஒரு கல்யாணக் கோட்டே நாறிவிட்டது.

கோழி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கில் ஃபெயில். இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொன்னேன். அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ கோழி மேய்க்கத்தான் லாயக்கு" என்றார். அவர் திட்டினார். அம்மா அதை யோசனையாக எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலி, தகரக் கூரை, உள்ளே இருபது கோழி.

"ஏய், நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டீ!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க எதைப் பேச்சுக்குச் சொல்றீங்க, எதைக் காரியத்துக்குச் சொல்றீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? இனிமே முன்னாடியே சொல்லிடுங்க. 'இது பேச்சு, இது காரியம்'னு."

அம்மா பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். முட்டையெல்லாம் அங்கேயே போய்விடும். கேக் இப்போதுதான் ஒழுங்காக உப்புகிறது, உங்கள் மகள் கோழிகளை நன்றாக வைத்திருக்கிறாள் என்று பேக்கரிக்காரர் சொல்லி அனுப்பினார். அதுவரை என்னை எவரும் எதற்காகவும் நன்றாகச் செய்கிறாள் என்று சொன்னதில்லை. கோழி போனால் எனக்கு டுடோரியல். மறுபடி அதே கணக்கு. அதே எக்ஸ், அதே ஒய். இரண்டும் எங்கே போய்த் தொலைந்தன என்று நான் தேட வேண்டும். கோழியாவது சாயங்காலம் தானாக வீட்டுக்கு வரும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அப்பாவின் பிழைப்பே நாற்றத்தை ஒழிப்பதுதான். தரை கழுவுகிற திரவம் விற்கிற கம்பெனியில் சேல்ஸ்மேன். பைன், ரோஜா, எலுமிச்சை. 'ஒரு மூடி ஊத்துங்க, ஊரே மணக்கும்' என்று கடை கடையாகச் சொல்லிச் சொல்லி, கடைக்காரர்கள் நம்பினார்களோ இல்லையோ, அவர் நம்பிவிட்டார். அந்தப் பாட்டில்களோடு பழகி அவர் மூக்கு செத்துப் பல வருஷம். பால் திரிந்துவிட்டதா என்று எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

மழைக்குப் பிறகு கூட்டிலிருந்து லேசாகத்தான் நாற்றம் வந்தது. அம்மா மூக்கைச் சுளித்தாள். அது போதும் அவருக்கு. மார்பைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நாத்தத்தை ஒழிக்கிறது என் தொழில். என் வீட்டுலயே நாத்தமா? விட மாட்டேன்." முதலில் பைனை ஊற்றிக் கழுவினார். பைன் காட்டுக்குள் கோழி செத்தது போல இருந்தது. அடுத்து ரோஜா. ரோஜாத் தோட்டத்தில் செத்தது போல இருந்தது. எலுமிச்சையை ஊற்றியபோது செத்தது கோழி மாதிரியே இல்லை. இன்னும் பெரியதாக ஏதோ.

காத்தாடி ஓடிய அன்றைக்கு மத்தியானமே போன் வந்தது. வீட்டுக்காரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். டெய்லர் வீடும் அவருடையது, எங்கள் வீடும் அவருடையது. அப்பா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை வரேன். மூக்கோட வரேன். வார்டுலயே பழுத்த மூக்கு இது. நாத்தம் இல்லைன்னா இருக்கட்டும். இருந்துச்சுன்னா கோழியெல்லாம் அன்னைக்கே போகணும். புரியுதா?"

"புரியுது மேடம். நியாயம்தான் மேடம். ரொம்ப நியாயம் மேடம்."

ஒரு ஆள் வீட்டில் இடி விழும்போது இத்தனை தடவை நியாயம் என்பாரா?

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் நான் கூட்டுக்குள் புகுந்தேன். மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல், வேண்டுமென்றே மோந்து பார்த்தேன். கோழிகள் ராத்திரி உட்காருகிற கட்டைக்குப் பின்னால் ஒரு மூலை. அப்பாவின் வாளித் தண்ணீர் அங்கே எட்டவில்லை. அங்கே எச்சம் காய்ந்து தூளாகக் கிடந்தது. நாற்றம் துளி இல்லை. ஒரு அடி இந்தப் பக்கம் வந்தால் சொதசொத என்று கண்ணைக் கரிக்கிறது. இதற்கு டுடோரியல் தேவையில்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும் சொன்னேன். "கோழி நாறலம்மா. ஈரம்தான் நாறுது. அப்பா ஊத்த ஊத்த நாறுது. அடியில இருக்கறதை அள்ளிப் போட்டுட்டு, காஞ்ச மரச்சீவலைக் கொட்டினா போதும். மரக்கடைக்காரர் தரேன்னு சொல்லிட்டார். அப்பா ஆணி அடிச்சு மூடின கூட்டு ஜன்னல் பலகையைக் கழட்டணும். அந்த வேலிக்கு மேல ஒரு தார்ப்பாய் கட்டணும். தீனியைத் தரையில இறைச்சா கோழியே கிளறிக் கிளறிக் காய வெச்சிடும்."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சரி. சீவலைக் கொண்டுவந்து போடு."

நான் மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தேன். கடைசி மூட்டையோடு வாசலில் நுழையும்போது அப்பா கவலையே இல்லாத குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், திங்கக்கிழமையிலேர்ந்து பொண்ணு வந்துடுவா. கணக்குதான் சார். கோழியா? சேச்சே, கோழியெல்லாம் இருக்காது சார். ஞாயித்துக்கிழமையோட சரி."

மூட்டையை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினேன்.

"அம்மா! அவருக்குக் கோழி போகணும்மா! டுடோரியல்ல இடம் சொல்லி வெச்சிட்டார்!"

"அப்படியா" என்றாள் அம்மா. வெங்காயம் நறுக்குகிற வேகம்கூட மாறவில்லை.

"அப்படியாவா?"

"கத்தாதே. கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு."

சாப்பிடும்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது. அம்மா அப்பாவுக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். குரலில் தேன்.

"ஏங்க, இந்த நாத்த விஷயத்துல உங்களை விட்டா யாருங்க? நீங்கதான் தொழில் தெரிஞ்சவர். நாமளா எதையாவது பண்ணி எதுக்கு வம்பு?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைத்தான் நானும் சொல்றேன். இன்னும் ரெண்டு வாளி ஊத்தியிருந்தா ஜெயிச்சிருப்பேன். காத்துதான் காரியத்தைக் கெடுத்துச்சு."

"அதேதாங்க. அதனால தினமும் உங்க மருந்தை ஊத்திக் கழுவிடுங்க. பைன், ரோஜா, எது வேணாலும். கழுவினாத்தான் கோழி தங்கும்."

"அம்மா!" என்றேன்.

"நீ சும்மா இரு. அப்புறம் ஏங்க, இவ ஏதோ மரச்சீவல் கொண்டுவந்திருக்கா. அதை உள்ள கொட்டிடாதீங்க, நாத்தத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். அடியில இருக்கறதையும் அள்ளிடாதீங்க. உங்க மருந்தெல்லாம் அதுலதானே ஊறிக் கிடக்கு? அள்ளினா மருந்தும் போயிடுமே. ஜன்னல் பலகையைத் தொடவே தொடாதீங்க, டெய்லர் கத்துவார். வேலிக்கு மேல தார்ப்பாய் கட்டிடாதீங்க, உள்ளயே அடைஞ்சுக்கும். தீனியைத் தட்டுல போடுங்க. தரையில இறைச்சா கோழி கிளறி நாத்தத்தைக் கிளப்பிடும்."

நான் சொன்னது அத்தனையையும் ஒன்று விடாமல் எடுத்து, சட்டையை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்புவது போலத் திருப்பிவிட்டாள். "அம்மா, நான் உன்கிட்ட என்ன சொன்னேன், நீ என்ன..."

"அப்பாவைவிட உனக்குத் தெரியுமா? இனிமே நீ கூட்டுப் பக்கமே போகக் கூடாது. முட்டை எடுக்கறதுகூட அப்பாதான்."

அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "கண்டிப்பா. கழுவிடறேன். தினமும் கழுவிடறேன்." அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. கோழியை எப்படி ஒழிப்பது என்று தெரியாமல் தவித்த மனிதருக்குப் பெண்டாட்டியே வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள் அல்லவா? அவள் செய்யாதே என்றதையெல்லாம் செய்தால் போதும். வேலை முடிந்தது.

நான் அறைக்குப் போய் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மேலே தூசி. அவர் ஊற்றுவார், அம்மா தாளம் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது. கூட்டைக் கழுவச் சொன்ன அம்மா என்னைக் கை கழுவிவிட்டாள். அழவில்லை. பொய் சொல்வானேன், அழுதேன்.

காலையில் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே கீழே பார்த்தேன். அப்பா வேலைக்குப் போகிற சட்டையோடு, திருடனைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கூட்டுக்குள் நுழைந்தார். கையில் வாளி இல்லை, மண்வெட்டி இருந்தது. சொதசொத என்று கிடந்ததை வாரி வாரிக் கூடையில் போட்டுக் குப்பைக் குழிக்குள் கொட்டினார். மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

கீழே ஓடினேன். "அம்மா, அவர் அள்ளறார்!"

"அள்ளாதீங்கன்னுதானே சொன்னேன்."

"அள்ளணும்னுதானேம்மா நான் சொன்னேன்!"

"உஸ். காபி பொங்குது பாரு."

சாயங்காலம் வந்ததும் அம்மா கேட்டாள், "கழுவினீங்களா?"

"கழுவாம? பளபளன்னு."

"எந்த மருந்து?"

"ரோஜா."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். இவர் கழுவாமலே நழுவினார். மறுநாள் முதுகுப் பிடிப்பு என்றார். அதற்கு அடுத்த நாள் கம்பெனியில் சரக்கு இல்லை என்றார். அலமாரி நிறைய பாட்டில் அடுக்கியிருந்தது. முதுகுப் பிடித்த மனிதர்தான் மரச்சீவல் மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு போய்க் கூட்டில் கணுக்கால் உயரத்துக்குக் கொட்டினார். தானே ஆணி அடித்து மூடிய ஜன்னல் பலகையைத் தானே பிடுங்கினார். பிடுங்கும்போது கட்டைவிரலில் அடிபட்டது. சத்தம் வராமல் குதித்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது. மெதுவாகத்தான் ஏறியது, கணக்கு மாதிரி.

"அம்மா. அவர் எல்லாத்தையும் தலைகீழாப் பண்றார்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். நேரா சொன்னா தலைகீழாப் பண்ணுவார். அதான் இந்தத் தடவை தலைகீழாச் சொன்னேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன் மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். நீ அழுது வடிஞ்சாத்தான் அவர் நம்புவார். போ, போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்க."

மூஞ்சியைத் தொங்கப் போடுவது எனக்குச் சிரமமாக இல்லை. பயம் போகவில்லையே. ஒரு வாளி போதும். அவருக்கு நடுவில் திடீரென்று தொழில் பக்தி வந்து ஒரே ஒரு வாளி ஊற்றிவிட்டால், அத்தனை சீவலும் ஊறி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா தெருமுனையிலேயே மயங்கி விழுவார். அம்மாவின் தந்திரத்தை அப்பா கண்டுபிடித்துவிட்டாலும் போச்சு. நல்ல காலம், அந்த மூக்கு. கூட்டுக்குள் நின்று நெஞ்சு நிறைய இழுத்துப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. திருப்தியாக வெளியே வருவார். இத்தனை பண்ணியாச்சே, நாறாமல் எங்கே போகும் என்கிற நம்பிக்கை.

டெய்லர்தான் கெடுக்கப் பார்த்தார். மதிலுக்கு மேல் தலை.

"சார், இன்னைக்கு என் பக்கம் ஒண்ணும் வரலையே சார்."

அப்பா திடுக்கிட்டார். "வரலையா? நல்லா மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"உங்களுக்கு ஜலதோஷம் இருக்கும்."

"இல்லையே சார்."

"இருக்கு. மூக்கு சிவந்திருக்கு பாருங்க. போய் ஆவி பிடிங்க."

பாவம், அவர் நிஜமாகவே ஆவி பிடிக்கப் போனார்.

சனிக்கிழமைதான் உயிர் போய் உயிர் வந்தது. வேலிக்குள் கவிழ்த்துப் போட்ட வாளியில் அப்பா உட்கார்ந்து, அம்மா கூடாது என்ற முறைப்படி, தீனியைக் கை நிறைய எடுத்துத் தரையில் இறைத்துக்கொண்டிருந்தார். கோழிகள் கொத்துவதும் கிளறுவதுமாகச் சுற்றி நின்றன. அதில் ஒன்றுக்கு நான் கணக்கு டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறேன். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். எனக்குப் பதில் தெரியாது என்று அதற்குத் தெரியும். அது அப்பாவின் செருப்பைக் கொத்தியது. பிறகு தாவி மடியில் ஏறியது. இரண்டு தடவை சுற்றிவிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

அப்பா அசையவில்லை. ரொம்ப நேரம் அசையவில்லை. கை மட்டும் மெதுவாக அதன் முதுகைத் தடவியது.

பிறகு கோழியை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். அலமாரிக்குப் போனார். பச்சைப் பாட்டிலை எடுத்தார். வாளியை நிமிர்த்திக் குழாய்க்கு அடியில் வைத்தார். தண்ணீர் விழுகிற சத்தம் என் வயிற்றில் விழுந்தது.

படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. "என்னங்க?"

"கழுவப் போறேன்."

"தினமும்தான் கழுவறீங்களே."

"இன்னைக்கு நல்லாக் கழுவப் போறேன். மனசு கேக்கலடீ. அதுங்களுக்கு என்னைத் தெரியுது. கையில வந்து கொத்துது. பொண்ணு வேற மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியறா. பாவம். இருந்துட்டுப் போகட்டும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு வாரமாக என்மேல் கோபத்தில் இருந்தபோது அவர் என்னைக் காப்பாற்றினார். இப்போது பாசம் வந்து குழிதோண்டப் போகிறார். ஓடிப்போய் வாளியைத் தட்டிவிடலாமா? தட்டினால் எல்லாம் தெரிந்துபோகும். தெரிந்தால் என்ன செய்வார்? யாருக்குத் தெரியும். அவர் வீம்புக்கு அவரே உத்தரவாதம் தர முடியாது.

"தாராளமாக் கழுவுங்க" என்றாள் அம்மா. "உங்களுக்குப் பெரிய மனசுங்க."

"என்ன பெரிய மனசு?"

"பின்ன? கழுவினா நாத்தம் போயிடும். கோழி தங்கிடும். அவ இனிமே கணக்குப் புத்தகத்தை ஜென்மத்துக்கும் தொட மாட்டா. நாளைக்கு நாலு பேர் கேட்டா என்ன? 'பொண்ணு என்ன பண்றா?' 'கோழி மேய்க்கறா'ன்னு சொல்லிக்கலாம். எனக்கு வருத்தம்தான். நீங்களே சரின்னு விட்டுட்ட பிறகு நான் யாரு?"

வாளி நிறைந்து வழிந்தது. அப்பா குழாயை மூடினார். வாளியைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் நன்றாக வர வேண்டும் என்றுதான் அவரும் கிடந்து தவித்தார். வழிதான் தப்பு.

"கழுவுங்கங்க. ஏன் நிக்கறீங்க?"

"கொஞ்சம் இரு. முதுகு பிடிக்குது."

"பொண்ணுக்காகப் பிடிச்ச முதுகைப் பாக்கலாமா?"

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதாடீ?"

அம்மா முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். அவரைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, கூட்டின் தரையை ஆசை ஆசையாகப் பார்த்தாள். "இல்லவே இல்லீங்க. ஒரு பொட்டு ஈரம் இல்லை."

அப்பா வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வாசல் செடிக்கு ஊற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா சொன்னபடி மூக்கோடு வந்தார். நல்ல மூக்கு. நீளமாக, நுனி கொஞ்சம் அசைகிற மூக்கு. நேராகப் பின்பக்கம் போனார். வேலிக்குள் நின்று ஒரு தடவை இழுத்தார். குனிந்து கூட்டுக்குள் தலையை விட்டு ஒரு தடவை இழுத்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். எக்ஸும் ஒய்யும் கண்ணுக்கு முன்னால் கை கோத்துக்கொண்டு ஆடின.

"என்ன இது?" என்றார் வீட்டுக்காரம்மா.

"எனக்கு அப்பவே தெரியும் மேடம், வளர்க்க முடியாதுன்னு" என்று அப்பா ஆரம்பித்தார். "எவ்வளவோ போராடிட்டோம். இதுங்களை இன்னைக்கே..."

"மரக்கடைக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

அப்பா வேகமாக முன்னால் வந்தார். "இல்லை மேடம். இன்னும் கொஞ்சம் உள்ள போய் இழுத்துப் பாருங்க."

"பாத்தாச்சு."

"அந்த மூலையில மேடம்!"

"பாத்தாச்சுங்க."

அப்பா முட்டி போட்டுக் கூட்டுக்குள் போய்விட்டார். கையால் சீவலைக் கிளறிக் கிளறி, ஒரு பிடியை அள்ளிக்கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். "இது? இது நாறலை? உண்மையைச் சொல்லுங்க மேடம்!"

"என் மூக்கையே சந்தேகப்படறீங்களா?"

மதிலுக்கு மேல் தலை வந்தது. ஆவி பிடித்துப் பிடித்து மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"சார் சொல்ல மாட்டார் மேடம். நான் சொல்றேன். நான் இங்கேர்ந்து பாத்துட்டே இருந்தேன். தனி ஆளா அள்ளினார். தனி ஆளா மூட்டை தூக்கினார். பலகையைப் பிடுங்கிக் கையை நசுக்கிக்கிட்டார். அந்தத் தார்ப்பாயைக் கட்ட ஏணியில ஏறி விழப் பாத்தார். அன்னைக்கு நான் கோட்டைத் தூக்கிக் காட்டினது அவர் மனசைத் தைச்சிடுச்சு போல. என்னை மன்னிச்சிடுங்க சார்."

"ஐயோ, நான் நல்லதுக்குப் பண்ணலைய்யா!" என்றார் அப்பா.

"தன்னடக்கத்தைப் பாருங்க மேடம்."

வீட்டுக்காரம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். முட்டியில் சீவல், தலையில் ஒரு இறகு, கட்டைவிரலில் கட்டு. "இந்த மாதிரி ஒரு மனுஷன் பாத்துக்கறதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை. கோழி இருக்கட்டும். ஆனா ஒண்ணு. கூடு இவர் பொறுப்பு. இவர் கைதான் படணும். வேற யார்கிட்டயும் விட்டு அசிங்கம் பண்ணாதீங்க."

"இவர்தாங்க பாத்துப்பார்" என்றாள் அம்மா. "தினமும்."

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. அப்பா மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அள்ளாதே, கொட்டாதே, பிடுங்காதே, கட்டாதே, இறைக்காதே என்று ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் வேர்வையே இல்லை.

"சரி, என் தங்கச்சி வீட்டுலயும் கோழி இருக்கு, தாங்க முடியலை" என்றார் வீட்டுக்காரம்மா கிளம்பும்போது. "நீங்கதான் இந்தத் தொழில்ல இருக்கீங்களே. என்ன மருந்து ஊத்தினீங்க, சொல்லுங்க. அவளுக்கும் சொல்றேன்."

ஒரு மூடி ஊற்றினால் ஊரே மணக்கும் என்று இத்தனை காலம் விற்ற மனிதர் தலையிலிருந்த இறகை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஊத்தலை மேடம்" என்றார். "இவ தினமும் கழுவச் சொன்னா. நான் கழுவலை."